டியூட்டி முடிந்ததும் பத்து நிமிடம்: என்ன எழுதினால் வேலை மாறும்?

செவிலியர் பயிற்சியில் இருப்பவர்கள் எழுதும் அனுபவக் குறிப்பேடுகளைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலான பக்கங்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்: “இன்று வார்டில் கூட்டம் அதிகம். ஒரு நோயாளியின் மகள் கோபமாகப் பேசிவிட்டார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இனிமேல் பொறுமையாக நடந்துகொள்வேன்.” எழுதியவர் மனதார எழுதியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு மறுநாள் எதையும் வேறு மாதிரி செய்ய முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார், என்ன நினைத்துக்கொண்டு செய்தார் என்பதே அதில் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, அதே சம்பவத்தை மறுபடி எழுதச் சொன்னபோது வந்தது இது (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்): “காலை பதினொன்றரை இருக்கும். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் அம்மாவின் மகள், ‘எப்போ சிஸ்டர் கூப்பிடுவாங்க?’ என்கிறார். வண்டியை நிறுத்தாமலேயே ‘டாக்டர் வந்து சொல்வார்’ என்றேன். அவர் கேட்பது அது மூன்றாவது முறை. அவசரக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. ஸ்கேன் பிற்பகலுக்குத் தள்ளிப்போனதை யாருமே அவர்களிடம் சொல்லவில்லை.”

இப்போது பாருங்கள், “வண்டியை நிறுத்தாமலேயே” என்ற ஒரு சொல் எவ்வளவு காட்டிக்கொடுக்கிறது. “அவசரக்காரர்” என்ற ஊகமும் அப்படித்தான். பொறுமை இல்லாததா இங்கே பிரச்சினை? தகவல் போய்ச் சேராததுதான். அதனால் “இனி பொறுமையாக இருப்பேன்” என்ற பழைய தீர்மானம் தானாகவே விழுந்துவிட்டது. பயிற்சியில் இருக்கும் அந்தச் செவிலியர் கடைசியில் எழுதிக்கொண்டது இதுதான்: “டியூட்டி ஏறியதும், வெறும் வயிற்றில் வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்று பார்த்து, ஸ்கேன் அறையில் நேரத்தைக் கேட்டு, நானே போய்ச் சொல்லிவிடுவேன். தள்ளிப்போனால் எதாவது சாப்பிடக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பேன்.” நாளைக் காலையே செய்துவிடக்கூடிய வேலை. குறிப்பேட்டிலிருந்து நான் எதிர்பார்ப்பது இந்த அளவுதான், இதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம்.

செய்யும் வேலையைத் திரும்பிப் பார்த்துக் கற்பதைப் பற்றி அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-லேயே எழுதியிருக்கிறார். 1983-ல் டொனால்ட் ஷோன் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்துக் கையை மாற்றிப் போடுவது ஒன்று, முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பது இன்னொன்று. அனுபவசாலிகள் முதலாவதை அனாயாசமாகச் செய்வார்கள், ஆனால் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்கு விளக்கத் தெரியாது. எழுத்து உதவுவது இங்கேதான். கை அறிந்த விஷயத்தைச் சொல்லாக்கினால்தான் அதைச் சோதித்துப் பார்க்கவும், புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியும்.

அன்றைக்கே எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. முடிவு தெரிந்த பிறகு நம் நினைவு நம்மிடமே மாற்றிச் சொல்லும். அமெரிக்க அதிபர் நிக்சன் 1972-ல் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன்பு, எதெது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலரிடம் கேட்டு வைத்துக்கொண்டார்கள். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு எவ்வளவு வாய்ப்பு சொன்னீர்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் உண்மையில் சொன்னதைவிட அதிக வாய்ப்பு சொன்னதாகவே அவர்கள் நினைவு வைத்திருந்தார்கள். 1975-ல் வெளிவந்த இந்த ஆய்வை மருத்துவமனையில் வேலை பார்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். “எனக்கு அப்பவே தெரியும்” என்று நாம் சொல்லும்போது பாதி நேரம் நமக்குத் தெரிந்திருக்காது! அன்றைக்கு என்ன பார்த்தோம், என்ன நினைத்தோம், எது தெரியாமல் இருந்தது என்று முடிவு வருவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தால், பிறகு நம்மை நாமே நியாயமாக எடைபோடலாம். தேவையில்லாமல் நம்மைத் திட்டிக்கொள்வதும் குறையும்.

சரி, எந்த முறையில் எழுதுவது? செவிலியர் கல்வியில் அதிகம் புழங்குவது 1988-ல் கிரஹாம் கிப்ஸ் கொடுத்த ஆறு படிச் சுழற்சி: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், ஏன் அப்படி நடந்தது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன. நல்ல முறைதான், தொடக்கத்தில் கைப்பிடிச் சுவர் மாதிரி உதவும். ஆனால் தினமும் ஆறு தலைப்பையும் நிரப்பச் சொன்னால் ஒரு மாதத்தில் அது வெறும் படிவமாகிவிடும். 1970-ல் டெர்ரி போர்ட்டன் என்ற கல்வியாளர் வைத்த மூன்று கேள்விகளே போதும் என்பது என் கருத்து: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? நேரம் முழுக்க முதல் கேள்விக்கே போனாலும் பரவாயில்லை. நடந்ததைச் சரியாக எழுதிவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற ஆய்வாளரும் முன்பு சொன்ன ஷோனும் பயன்படுத்திய இரண்டு பத்தி முறை. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. வலது பக்கம், பேசிய வார்த்தைகள் அப்படியே. இடது பக்கம், அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியது, ஆனால் வாயில் வராதது. இரவு டியூட்டியில் மருத்துவரை ஃபோனில் கூப்பிட்ட ஒரு செவிலியர் எழுதியதைச் சொல்கிறேன். வலது பக்கம்: “டாக்டர், தூங்கிட்டிருந்தீங்களா, சாரி. பேஷண்ட் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கார்.” இடது பக்கம்: “மூச்சு நிமிடத்துக்கு 26. ஒரு மணி நேரத்துக்கு முன்பு 18. எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் உடனே வந்து பார்க்க வேண்டும்.” முக்கியமான எல்லாமே இடது பக்கத்தில் இருக்கிறது! நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க பிரிட்டனில் பயன்படுத்தும் ‘நியூஸ் 2’ மதிப்பெண் அட்டவணையில் 25-ம் அதற்கு மேலும் போகும் மூச்சு வேகத்துக்கு, அந்த ஒரு அளவுக்குத் தரக்கூடிய அதிகபட்ச மதிப்பெண்ணான 3 விழும், அவ்வளவு அவசரமான எண் அது. அதைச் சொல்லாமல் “ஒரு மாதிரியா” என்று சொன்னால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் “சரி, பார்த்துக்கோங்க” என்று வைத்துவிடத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு பத்தியையும் அருகருகே பார்த்த பிறகு அந்தச் செவிலியருக்கு நான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணை முதலில் சொல்வது, என்ன வேண்டும் என்று நேராகக் கேட்பது, இரண்டையும் அவரே எழுதிவிட்டார். ஆசிரியர்கள், ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் என்று பேச்சை நம்பி வேலை செய்கிற யாரும் இதை முயன்று பார்க்கலாம்.

எழுதுகிறவர்கள்கூடப் பெரும்பாலும் செய்யாத ஒன்று, திரும்பப் படிப்பது. மாதம் ஒரு முறை பழைய பக்கங்களை மொத்தமாகப் புரட்டுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும். முதலில் சொன்ன, பயிற்சியில் இருக்கும் செவிலியர் அப்படிப் புரட்டியபோது “டாக்டர் சொல்வார்” என்ற வாக்கியம் வேறு பக்கங்களிலும் கிடைத்தது, எல்லாமே ஹேண்ட்ஓவருக்கு (டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது) முந்தைய நெருக்கடி நேரத்தில். அது அவருடைய குணத்தைவிட வார்டின் வேலை ஒழுங்கைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. அதை வார்டு பொறுப்பாளரிடம் எடுத்துக்கொண்டு போய்ப் பேசலாம், பேசவும் வேண்டும். எல்லாக் குறையையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும் குறிப்பேடு யாருக்கும் நல்லதில்லை.

அதோடு சேர்ந்தது இதுவும். கனமான சம்பவத்தை எழுதினால் அந்த நேரத்துக்கு மனசு இன்னும் பாரமாவது சகஜம். பென்னிபேக்கர், பீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்வின் வேதனையான அனுபவங்களை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனநிலை மோசமானது, ஆனால் அதற்குப் பின் வந்த மாதங்களில் உணர்ச்சியையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் ஒரே சம்பவத்தை வாரக்கணக்கில் அதே வார்த்தைகளில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், தூக்கம் கெடுகிறது, டியூட்டிக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றால், குறிப்பேட்டை மூடிவிட்டு மனநல நிபுணர் ஒருவரிடம் பேசுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ரகசியம் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். நோயாளியின் பெயர், படுக்கை எண், தேதி, ஊர், அரிய நோயின் பெயர், எதுவும் வேண்டாம். “வயதான ஒரு பெண்மணி” என்றாலே போதும். பொதுக் கணினியில் எழுதாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாதியைப் போடாதீர்கள். நாம் எழுதியது நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடவும் கூடாது: பிரிட்டனில் மருத்துவர்களுக்கான 2018 வழிகாட்டுதலே, நீதிமன்றம் இப்படிப்பட்ட குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம் என்று சொல்கிறது. உங்கள் நாட்டில், உங்கள் நிறுவனத்தில் விதி என்னவென்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மருந்து மாறிப்போனது, நோயாளி கீழே விழுந்தது போன்றவற்றுக்குச் சம்பவ அறிக்கை தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். டைரியில் எழுதிவிட்டால் அந்தக் கடமை தீராது.

பயிற்சி தருகிற சக ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் குறிப்பேடுகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்ட மறு நிமிடமே, நாம் படிக்க விரும்புவதை எழுதத் தொடங்கிவிடுவார்கள், கடைசி வரியில் ஒரு பாடம், ஒரு நன்றி. எழுதினாரா இல்லையா என்று மட்டும் பாருங்கள். பிரிட்டனின் செவிலியர், மகப்பேறு செவிலியர் கவுன்சில் 2016 முதல் பதிவைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுக்கு ஐந்து அனுபவக் குறிப்புகள் கேட்கிறது. கூடவே, பதிவு பெற்ற இன்னொரு செவிலியரோடு உட்கார்ந்து அவற்றைப் பேச வேண்டும் என்பதும் விதி. எனக்கு அதில் அந்த இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் படுகிறது. நம் ஊகங்கள் நம் கண்ணுக்குப் படாது, எதிரில் இருப்பவர் “அவர் அவசரக்காரர்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?” என்று கேட்டால்தான் படும். நம்பிக்கையான ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தி, கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.