பழைய வீட்டுச் சுவரின் உள்பக்கம் வெப்பக்காப்பு: பலகைக்குப் பின்னால் நடப்பது

"சார், சுவர்ல உள்பக்கமா நாலு இன்ச் தெர்மோகோல் வச்சு ஜிப்சம் போர்டு அடிச்சிருங்க, குளிர் நின்னா போதும்." பழைய வீட்டுக்காரர்கள் என்னிடம் முதலில் சொல்வது அநேகமாக இதைத்தான். குளிர் நின்றுவிடும். சுவர் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனை நாளும் அறையின் சூடு கொஞ்சம் செங்கல்லுக்குள் போய், சுவரை உலர்த்திக்கொண்டிருந்தது. பலகை வந்ததும் சூடு அறையோடு நின்றுவிடும். சுவர் முன்னைவிட ஜில்லிட்டுப்போகும். 20 டிகிரி சூடும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 9 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வியர்த்துவிடும், அதாவது அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகிவிடும். கடுங்குளிரில் பலகைக்குப் பின்னால் அதற்கும் கீழே இறங்கும். சமையல், குளியல், துணி உலர்த்துவது, மூச்சு என்று நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. அது பின்னால் போக ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் ஓட்டை போதும்.

வேறு யாரோ செய்த வேலையை ஒரு வீட்டில் பிரித்துப் பார்த்தேன். பசையை உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டியிருந்தார்கள். முன்னால் பளிச்சென்று வெள்ளை. பின்னால் ஆளுயரத்துக்குக் கரும்பூஞ்சை. அதைக்கூடத் துடைத்துவிடலாம். சுவருக்குள் செருகியிருந்த மர உத்திரத்தின் நுனியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், கைப்பிடி வரை இறங்கியது. மாடித்தளம் நின்றது அதன்மேல்தான்.

ஆகவே முதல் வேலை, சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, இருக்கிறதா என்று பார்ப்பது. மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, வெளித்தரை வீட்டுத்தரையைவிட மேடா, வெளிப்பூச்சில் விரிசலா? சரிசெய்துவிட்டு, சுவர் காய ஒரு பருவமாவது விடுங்கள். ஈரச்சுவர் வெப்பத்தை வேகமாக இழக்கும். காய்ந்ததுமே குளிர் கொஞ்சம் குறையும். கூரைக்கு அடியில் காப்பு, கதவு ஜன்னல் இடுக்கு அடைப்பு இரண்டையும் இந்த இடைவெளியில் முடித்துவிடலாம்.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு நான் கேட்பது மரநார்ப் பலகை, இல்லையென்றால் கால்சியம் சிலிகேட் பலகை. இரண்டும் ஈரத்தை உறிஞ்சி அறைப்பக்கமே திருப்பி விடும். சுவரை மட்டமாக்கி, முழுப் பரப்பிலும் பசை தடவி, இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். மேலே சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால், ஈரம் திரும்பி வர வழியின்றி அத்தனையும் வீண்.

நாலு இன்ச் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 9 அங்குலச் செங்கல் சுவரில் 60 மில்லிமீட்டர் மரநார், வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை நிறுத்திவிடும். இன்னொரு 60 சேர்த்தால் கூடுதலாகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு சொச்சம். சுவர்தான் இன்னும் குளிரும்.

ஜன்னல் பொருந்தியிருக்கும் குழிவின் பக்கச்சுவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே 20 மில்லிமீட்டராவது ஒட்டாவிட்டால் பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

உத்திர நுனி அருகே கையகலப் பலகையைக் கழற்றும்படி விட்டு, விளிம்புக்கு டேப் ஒட்டிவிடுவேன். குளிர்காலம் முடிந்ததும் போய் மரத்தில் ஈரமானியைக் குத்திப் பார்ப்பேன். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால், அந்த இடத்தில் காப்பைக் குறைக்கச் சொல்லிவிடுவேன்.