சுண்ணாம்பைப் பசையாக்கும் உமிச்சாம்பல்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் பழைய வீடுகளின் தண்ணீர்த் தாங்கியை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அடித்தட்டில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அதன் ஓரமாக வெள்ளையாக வழிந்து காய்ந்திருக்கும். 'உப்புப் பூத்திருக்கு' என்பார்கள். கடலும் வாவியும் பக்கத்திலேயே இருப்பதால் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அதைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் பொரிந்து நுரைக்கும். கறியுப்பு அப்படி நுரைக்காது. அது சுண்ணாம்பு. கொங்கிரீட்டுக்கு உள்ளேயிருந்தே கசிந்து வந்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இறுகியது.

சீமெந்தில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள்கள் உருவாகின்றன. ஒன்று கல்சியம் சிலிக்கேற்று ஐதரேற்று. மணலையும் கல்லையும் பிடித்து வைத்திருக்கும் பசை இதுதான். கொங்கிரீட்டின் பலமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மற்றது கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சீமெந்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இதுவே. பலத்துக்குப் பெரிதாக உதவாது, தண்ணீரிலும் மெல்லக் கரையும்.

அது போய் உட்காரும் இடந்தான் உண்மையான சிக்கல். ஈரக் கலவையில் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அந்த இடத்தில் சீமெந்துத் துகள்கள் நெருங்கி அடைய முடியாது. இடம் கிடைத்ததும் சுண்ணாம்பு தகடு தகடாக அங்கே வளர்ந்துவிடும். மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்குகூட வராத தடிப்புத்தான், ஆனால் முறிவு தொடங்குவது அங்கேதான். சாதாரண கொங்கிரீட் கட்டியைப் பொறியில் வைத்து நசுக்கிப் பாருங்கள்: கல் முழுசாகக் கழன்று வரும், அது இருந்த குழி வழுவழுவென்று இருக்கும். 60 மெகாபஸ்காலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் தாங்கும் உயர்பலக் கொங்கிரீட்டில் வெடிப்பு கல்லையே பிளந்துகொண்டு போகும். பசை கல்லுக்கு ஈடாகிவிட்டது என்று அர்த்தம்.

சரி, அந்தச் சுண்ணாம்பை என்ன செய்வது? சிலிக்கா கொடுத்தால் போதும். நுண்ணிய சிலிக்கா சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து மறுபடி அதே பசையாக மாறும். உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்து கடலுக்குள் துறைமுகம் கட்டியது இந்த வித்தையால்தான். இன்று நுரைச்சோலை போன்ற அனல் மின்நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலையும், சிலிக்கன் உலைகளில் கிடைக்கும் சிலிக்காத் தூசையும் சேர்க்கிறார்கள். சிலிக்காத் தூசு சீமெந்துத் துகளைவிட நூறு மடங்கு சிறியது. சீமெந்து நுழைய முடியாத கல்லோரத்து இடைவெளியிலும் போய் அடைந்துகொள்ளும். விலைதான் அதிகம்.

எங்கள் பக்கம் கிடைப்பது உமி. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. சூடடிக்கும்போது உடம்பெல்லாம் சுணைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1000 கிலோ நெல்லில் கிட்டத்தட்ட 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைக்குப் பின்னால் அந்தச் சாம்பல் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

மணலும் சிலிக்காதானே, அது ஏன் இந்த வேலையைச் செய்வதில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மணலில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் பளிங்காக இறுகியிருக்கின்றன. சுண்ணாம்பால் அதை எளிதில் கலைக்க முடியாது. உமியை 600, 700 பாகை செல்சியசுக்குள் எரித்தால் அதன் சிலிக்கா ஒழுங்கில்லாமல், கண்ணாடி மாதிரி, வினைபுரியத் தயாராக இருக்கும். சூடு அதைத் தாண்டி நெடுநேரம் நின்றால் பளிங்காகி மணலின் குணத்துக்கே போய்விடும். காற்றுப் போதாமல் எரிந்தாலோ கரி மிஞ்சிக் கறுப்பாகும். ஆலைக் குவியலில் இந்த மூன்றும் கலந்தே கிடக்கும். அதனால் தயவுசெய்து அதை அப்படியே அள்ளி வீட்டுத் தூணுக்குப் போட்டுவிடாதீர்கள். அளவோடு எரித்து, சீமெந்தைவிட நைசாக அரைத்து, ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகே அது கட்டடப் பொருள்.

அப்புறம் தண்ணீர். உமிச்சாம்பல் துகள் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் நிறைந்தது, தண்ணீரைக் குடித்துவிடும். கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று மேசன் இன்னொரு வாளி ஊற்றினால் கிடைத்த பலமெல்லாம் போச்சு. தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்க, சுப்பர் பிளாஸ்டிசைசர் என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள்.

வாவிக்கரையில் எனக்குப் பலத்தைவிட முக்கியமாகப் படுவது உப்பு. புதிதாக உருவாகும் பசை நுண்துளைகளை அடைத்துவிடுவதால் உப்பிலுள்ள குளோரைட்டு கொங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை எட்ட நெடுங்காலம் பிடிக்கும். கம்பி துருப்பிடித்தால் பருமன் பல மடங்காகி மேல் கொங்கிரீட்டை உதிர்த்துவிடும். அதற்காகச் சாம்பலை அள்ளிக் கொட்டவும் கூடாது. கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மைக்குச் சுண்ணாம்பும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். பொதுவாகச் சீமெந்தின் நிறையில் 10 முதல் 15 வீதத்தைச் சாம்பலால் மாற்றுவார்கள்.

இந்தச் சாம்பல்கள் சுண்ணாம்பு உருவான பிறகே வேலையைத் தொடங்குகின்றன, நிலக்கரிச் சாம்பல் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கொங்கிரீட் காய்ந்துவிட்டால் வினை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மூன்றாம் நாளே ஈரச் சாக்கை எடுக்காமல், குறைந்தது இரண்டு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் அல்ல.