செல்ஃப் எடுக்கவில்லையா? பட்டனை அமுக்கியபடியே அளந்து பாருங்கள்

மோட்டார்சைக்கிளில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் வரும் பேச்சு இதுதான்: "லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லைட்டும் ஹாரனும் செல்ஃப் மோட்டாருக்காகச் சாட்சி சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும்.

55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். செல்ஃப் மோட்டார் அப்படியல்ல. சிறிய என்ஜினிலேயே பல பத்து ஆம்பியர் வாங்கும். பெரிய என்ஜினில், அதுவும் சுழலத் தொடங்கும் அந்த முதல் கணத்தில், நூறைத் தாண்டிவிடும். இப்போது பேட்டரியிலிருந்து போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் 0.02 ஓம் மின்தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துருவோ, லூசான போல்ட்டோ, ஏதோ ஒன்று. ஓம் விதிப்படி 5 ஆம்பியர் அதைக் கடக்கும்போது இழப்பு 0.1 வோல்ட். லைட்டின் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. அதே இடத்தை 100 ஆம்பியர் கடக்க முயன்றால் இழப்பு 2 வோல்ட். மோட்டாருக்குப் போய்ச்சேர வேண்டிய 200 வாட் அந்த ஒரு மூட்டிலேயே சூடாகி வீணாகிறது. நாலைந்து தடவை பட்டனை அமுக்கிவிட்டு டெர்மினலைத் தொட்டுப் பார்த்தால் சில வண்டிகளில் சுடுவது இதனால்தான்.

ஆக, பழுது எங்கே என்பது மின்னோட்டம் பாயும்போதுதான் வெளியே தெரியும். வண்டி சும்மா நிற்கும்போது எடுக்கிற எந்த அளவும் பாதி உண்மைதான்.

பட்டனுக்குள் நூறு ஆம்பியர் போவதில்லை. போனால் கைப்பிடியில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் உருகிவிடும். அதனால் செல்ஃப் அமைப்பு எப்போதும் இரண்டு சுற்றுகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று சின்னச் சுற்று: சாவி, ஃபியூஸ், என்ஜினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச், கிளட்ச் லீவருக்கு அடியில் ஒரு சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கடைசியில் பட்டன். இத்தனை பேரும் சம்மதித்தால்தான் ரிலேயின் சுருளுக்குச் சில ஆம்பியர் போகும். மற்றது பெரிய சுற்று: பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த கேபிள், ரிலேக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள், அங்கிருந்து இன்னொரு தடித்த கேபிள், மோட்டார். திரும்பி வரும் வழி என்ஜினின் உலோக உடம்பும் எர்த் கேபிளும். இரண்டு சுற்றுக்கும் நடுவே நிற்பது ரிலே. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது மின்காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு போய்த் தொடுமுனைகளை இணைக்கிறது. நாம் கேட்கும் 'டக்' அதுதான்.

எந்தச் சுற்றில் கோளாறு என்பதைப் பெரும்பாலும் காதே சொல்லிவிடும். பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லையா? சின்னச் சுற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கில் சுவிட்சைப் பாருங்கள். யாராவது அதைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள், சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். சைடு ஸ்டாண்ட் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் இருப்பவை. நியூட்ரலில் எடுக்காமல் கிளட்ச் பிடித்தால் எடுக்கிறது என்றால் நியூட்ரல் சுவிட்ச்தான் ஆள். வண்டி வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு விதிகள் கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் வண்டி எந்தெந்த நிலையில் எடுக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

'டக் டக் டக் டக்' என்று மெஷின் கன் மாதிரி அடித்தால் நிலைமை வேறு. இதன் பின்னால் இருக்கும் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. ரிலே இழுக்கிறது, தொடுமுனை சேர்கிறது, மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. பலவீனமான பேட்டரியின் வோல்ட் உடனே சரிகிறது. சரிந்த வோல்ட்டில் ரிலே சுருளால் தண்டைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் விட்டுவிடுகிறது. மோட்டார் துண்டிக்கப்பட்டதும் வோல்ட் ஏறுகிறது; ரிலே மறுபடி இழுக்கிறது. பட்டனில் இருந்து விரலை எடுக்கும்வரை இந்தச் சுழற்சி நடக்கும். ஆகவே ரிலேயும் பட்டனும் நன்றாக இருக்கின்றன. பேட்டரிதான் டவுன், இல்லையென்றால் டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு யாராவது ரிலேயை மாற்றச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரே ஒரு 'டக்', அப்புறம் மௌனம் என்பதுதான் குழப்பமானது. ரிலே தொடுமுனை கருகியிருக்கலாம், கேபிள் லூசாக இருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், என்ஜினே இறுகியிருக்கலாம். இங்கே காது உதவாது, மல்டிமீட்டர்தான் வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். (ஆம்பியரை நேராக அளந்துவிடலாமே என்று தோன்றும். சாதாரண மீட்டர் 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது, உள்ளே ஃபியூஸ் போய்விடும்.) வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால், முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் சொச்சம். 12.0 அளவுக்கு வந்துவிட்டால் பெரும்பகுதி காலி என்று அர்த்தம். ஆனால் 12.6 காட்டுவதாலேயே பேட்டரியை நம்பிவிட வேண்டாம். உட்கார்ந்திருக்கும்வரை திடகாத்திரமாகத் தெரியும் ஆள் மாடிப்படி ஏறினால்தானே மூச்சு வாங்குவது தெரிகிறது? தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிட்ட பழைய பேட்டரியும் அப்படித்தான். அதனால் மீட்டரை எடுக்காமல் பட்டனை அமுக்கி, எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

இங்கே மூன்று விதமாக நடக்கலாம். எண் பத்துக்குப் பக்கத்தில் நின்று என்ஜினும் நன்றாகச் சுழன்றால் செல்ஃப் அமைப்பில் குறையில்லை. என்ஜின் பற்றிக்கொள்ளாததற்குப் பெட்ரோலையோ பிளக்கையோ பாருங்கள். எண் 9.5-க்குக் கீழே, ஆறு ஏழு என்று விழுந்தால், ஒன்று பேட்டரியில் சரக்கு இல்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றை இணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மூன்றாவதுதான் நிறையப் பேர் தவறவிடுவது: 'டக்' கேட்கிறது, மோட்டார் சுற்றவில்லை, பேட்டரியோ 12.5-இலேயே அசையாமல் நிற்கிறது. வோல்ட் இறங்கவில்லை என்றால் பேட்டரியிலிருந்து யாரும் மின்சாரம் எடுக்கவில்லை. பெரிய சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. இந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு.

அறுந்த இடத்தைத் தேட, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே கேபிளின் இரண்டு பக்கத்திலும் வைப்பதுதான் உத்தி. மின்னோட்டம் பாயும்போது நல்ல கேபிளின் இரு முனைக்கும் இடையே வோல்ட் ஏறக்குறைய இருக்கவே கூடாது. பேட்டரியிலிருந்தே தொடங்கலாம். சிவப்பு முனையை பேட்டரியின் ஈய முனை மேலேயே வையுங்கள். கருப்பை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் கேபிள் வளையத்தின் மேல் வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கின்றன, நடுவே மயிரிழை இடைவெளிகூடக் கண்ணுக்குத் தெரியாது. பட்டனை அமுக்கும்போது மீட்டர் 1 வோல்ட் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தில் ஒரு வோல்ட் தொலைகிறது. கழற்றி, உப்புத்தாளால் இரண்டு பரப்பையும் பளபளவென்று தேய்த்து இறுக்கினால் போதும். கூடுதல் லைட்டுக்கும் போன் சார்ஜருக்கும் என்று ஒரே போல்ட்டில் நாலு வளையங்களை அடுக்கி வைத்திருப்பவர்கள், ஸ்டார்ட்டர் கேபிளின் வளையம் ஈயத்தை நேரடியாகத் தொடுமாறு அதை அடியில் போடுவது நல்லது.

அடுத்து ரிலே. அதன் இரண்டு தடித்த முனைகளுக்கும் இடையே, பட்டனைத் தொடாதபோது பேட்டரியின் முழு வோல்ட்டும் தெரியும். அமுக்கியதும் அது ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வர வேண்டும், 0.3 வோல்ட்வரை பரவாயில்லை. 'டக்' என்ற சத்தம் வந்தும் 12 அப்படியே நின்றால் தொடுமுனை சேரவில்லை. ஒவ்வொரு முறை ரிலே பிரியும்போதும் உள்ளே ஒரு பொறி பறக்கிறது. அது செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் குழியாக்கிவிடும். அப்படியே எர்த் பக்கமும்: பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜினின் பெயின்ட் இல்லாத ஓர் இடத்துக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. பாசிட்டிவ் பக்கத்தையே சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு எர்த்தை மறப்பவர்கள் அதிகம். பெயின்ட் அடித்த என்ஜினில் எர்த் போல்ட்டைப் பெயின்ட்டின் மேலேயே மாட்டிவிடுவதும் உண்டு.

வழி முழுக்கச் சரி, மோட்டாரின் முனைக்கே பத்து வோல்ட்டுக்கு மேல் வருகிறது, இருந்தும் சுற்றவில்லையா? அப்புறம்தான் மோட்டார். அதற்கு முன், பிளக்கைக் கழற்றிவிட்டு டாப் கியரில் வண்டியைத் தள்ளி, என்ஜின் சுலபமாகச் சுழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் கசிந்து சிலிண்டரில் தேங்கி நின்றால்கூட பிஸ்டன் அசையாது. அந்த நிலையில் செல்ஃபை விடாமல் அமுக்கினால் என்ஜினின் உள்பாகங்களே வளைந்துவிடலாம்.

மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது கார்பன் பிரஷ்கள். ஸ்பிரிங் அவற்றை, ஆர்மேச்சரோடு சேர்ந்து சுற்றும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். தேயத் தேய ஸ்பிரிங்கின் பிடி தளரும். மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் ஒரு தடவை எடுத்து, மறுநாள் மறுபடி மக்கர் பண்ணினால் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். திறந்தால் உள்ளே கரித்தூள் அப்பியிருக்கும். மோட்டாரைப் பற்றி இன்னொன்று: சுழலும்போது அது தானே ஓர் எதிர் வோல்ட்டை உண்டாக்கிக்கொள்கிறது, அதனால்தான் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கிறது. சுழலாமல் முட்டி நிற்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு பூஜ்யம். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். எடுக்கவே எடுக்காத வண்டியில் பட்டனைப் பிடித்துக்கொண்டே நிற்பது சுருள் கம்பியைக் கருக்கும் நேரடி வழி. ஐந்து வினாடி அமுக்கினால், அரை நிமிடமாவது ஆற விடுங்கள்.

'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி, என்ஜின் அசையாமல் இருந்தால் மின்சாரத்தில் தப்பே இல்லை. மோட்டாருக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அதன் உருளைகளோ ஸ்பிரிங்குகளோ தேய்ந்திருக்கும். என்ஜின் கவரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மோட்டார்சைக்கிளில் இந்த அமைப்பு வேரூன்ற நெடுங்காலம் ஆனதற்கும் பேட்டரிதான் காரணம். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் காரில் வந்தது. இரண்டே ஆண்டில் 'இந்தியன்' என்ற அமெரிக்க மோட்டார்சைக்கிள் நிறுவனம் ஹெண்டி ஸ்பெஷல் மாடலில் அதை மோட்டார்சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அன்றைய பேட்டரிகளால் ஈடுகொடுக்க முடியாமல் முயற்சி அத்தோடு நின்றது. ஹார்லி-டேவிட்சன் எலெக்ட்ரா கிளைடில் செல்ஃப் வந்தது 1965-இல்.

பழுது எதுவாக இருந்தாலும், வண்டி எடுத்தபிறகு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பேட்டரியில் ஒரு தடவை மீட்டரை வையுங்கள். 13.5-இலிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.5-இலேயே நின்றால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ, மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் சுருளோ பழுது. எத்தனை பேட்டரி மாற்றினாலும் சில நாளில் அதே கதைதான். 15-ஐத் தாண்டினால் அதுவும் ஆபத்து, பேட்டரி வெந்துவிடும்.

சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் புதிய ஸ்கூட்டர்கள், சின்ன பைக்குகள் சிலவற்றில் தனி மோட்டாரே கிடையாது. சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரே மின்னணுக் கட்டுப்பாட்டில் மோட்டாராக மாறி கிராங்கைச் சுழற்றுகிறது. பல்சக்கரமோ ஒன்வே கிளட்சோ அதில் இல்லை, அதனால் மேலே சொன்ன சத்த அடையாளங்கள் அங்கே எடுபடாது. பேட்டரி, டெர்மினல், எர்த் ஆகியவற்றுக்கான மீட்டர் சோதனை மட்டும் அப்படியே பொருந்தும். அதில் எல்லாம் சரி என்று வந்துவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவான பழுதுக் குறியீட்டை ஸ்கேனர் வைத்துத்தான் படிக்க வேண்டும்.