ஹீமோகுளோபின் ஒண்ணை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீரும்

ஃபர்ஸ்ட் இயர் எம்பிபிஎஸ்ல ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்கற ஹீமோகுளோபின் எந்த ஆக்சிஜன் அழுத்தத்துல எவ்வளவு நிரம்பும்னு காட்டற கர்வ் பிசியாலஜில வரும், சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற சிக்கிள் செல் நோய் பயோகெமிஸ்ட்ரில வரும், டாமினன்ட் ரிசெசிவ் எல்லாம் ஜெனடிக்ஸ்னு இன்னொரு நோட்ல தனியா கிடக்கும். இது மூணும் ஒரே புரோட்டீனோட ஒரே கதைன்னு அப்ப எனக்கு யாரும் சொல்லல, ஜூனியர்ஸ்க்கு சொல்லிக்கொடுக்க உக்காந்தப்ப தான் உறைச்சுது. இப்ப யாராவது வந்து "அக்கா, ரைட் ஷிஃப்ட் லெஃப்ட் ஷிஃப்ட் மண்டைல ஏறவே மாட்டேங்குது"ன்னு சொன்னா நான் இங்க இருந்து தான் ஆரம்பிக்கிறேன்.

ஹீமோகுளோபின்ல நாலு செயின், ரெண்டு ஆல்ஃபா ரெண்டு பீட்டா, ஒவ்வொண்ணுக்கும் ஆக்சிஜன் ஒட்டற ஒரு ஹீம், ஆக நாலு ஆக்சிஜனுக்கு இடம் இருக்கு. கல்யாண பந்தில இலை போட்டாச்சு, ஆனா முதல்ல போய் உக்கார எல்லாருக்கும் கூச்சம், ஒருத்தர் உக்காந்துட்டா அடுத்தவங்க கடகடன்னு உக்காந்துருவாங்க இல்ல? அதே மாதிரி தான், ஆனா ஒரு வித்தியாசம், இங்க மாறுறது வர்ற ஆள் இல்ல, உக்காருற இடம். ஆக்சிஜன் இல்லாதப்ப நாலு செயினும் இறுக்கமா பிணைஞ்சு கிடக்கும், முதல் ஆக்சிஜன் கஷ்டப்பட்டு உள்ள போய் ஒட்டினதும் அந்த பிணைப்பு தளரும், அடுத்த ஆக்சிஜனுக்கு வழி ஈஸியாகும். இறங்கும்போதும் இதே கதை, பந்தில ஒருத்தர் இலையை மடிச்சா வரிசையே எழுந்துரும் பாருங்க, அப்படி. அதனால தான் கர்வ் நேர்கோடா இல்லாம எஸ் மாதிரி வளைஞ்சிருக்கு. தசைல இருக்கற மையோகுளோபினுக்கு ஒரே செயின் தான், பக்கத்துல பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல, அதான் அதோட கர்வ்ல அந்த வளைவு கிடையாது.

இந்த வளைவால நமக்கு என்ன லாபம்னு நம்பரை வச்சு பாருங்க, இது தான் மனசுல நிக்கும். நுரையீரல்ல ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், அங்க ஹீமோகுளோபின் 97 சதவீதம் நிரம்பியிருக்கும். அது 60க்கு இறங்கினா கூட 90 சதவீதம் நிரம்பும், அதாவது 40 புள்ளி போயும் நஷ்டம் வெறும் 7 தான். ஆனா திசுக்கள் பக்கம் 40ல 75 சதவீதம் இருக்கறது, வேலை செய்யற தசைல 20க்கு இறங்கினா கிட்டத்தட்ட 35 ஆயிரும், வெறும் 20 புள்ளிக்கு 40 சதவீத ஆக்சிஜனை கொட்டிருது! மேல தட்டையா இருக்கற பகுதி நம்மள காப்பாத்துது, கீழ செங்குத்தா இருக்கற பகுதி திசுவுக்கு ஊட்டுது, எனக்கு இன்னைக்கும் இதை போர்டுல வரையும்போது சந்தோஷமா இருக்கும்.

இப்ப ஷிஃப்ட். வலது இடதுன்னு மனப்பாடம் பண்ணாதீங்க, ஹீமோகுளோபின் கையை தளர்த்துதா இறுக்குதான்னு மட்டும் கேளுங்க. ஓடுற காலோட தசைல சூடு ஜாஸ்தி, கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தி, அமிலம் ஜாஸ்தி, அங்க ஆக்சிஜன் தேவையும் ஜாஸ்தி, அப்ப ஹீமோகுளோபின் கையை தளர்த்தணும், அது தான் ரைட் ஷிஃப்ட். கார்பன் டை ஆக்சைடு கூடினா இப்படி ஆகும்னு 1904ல காட்டினவர் கிறிஸ்டியன் போர், அணுவை ஆராய்ஞ்ச நீல்ஸ் போரோட அப்பா. ரத்த சிவப்பணுக்குள்ள இருக்கற பிபிஜின்னு ஒரு சின்ன மூலக்கூறும் இதே வேலையை செய்யுது, ரெண்டு பீட்டா செயினுக்கும் நடுவுல போய் ஆப்பு மாதிரி உக்காந்து, செயின்களை அந்த இறுக்கமா பிணைஞ்ச நிலைலயே பிடிச்சு வச்சுக்கும், செயின் இறுகினா ஆக்சிஜன் மேல இருக்கற பிடி தளரும்.

அந்த பீட்டா செயினை ஞாபகம் வச்சுக்கோங்க, இனிமே கதை முழுக்க அது தான். வயித்துல இருக்கற குழந்தைக்கு பீட்டா இருக்கற இடத்துல காமா செயின் இருக்கும், காமாவுல பிபிஜி சரியா ஒட்டாது, ஒட்டலன்னா கை தளராது, அதனால குழந்தையோட ஹீமோகுளோபின் அம்மாவோடதை விட இறுக்கமா ஆக்சிஜனை பிடிக்கும். தொப்புள்கொடி வழியா குழந்தைக்கு வர்ற ரத்தத்துலயே அழுத்தம் 30 சொச்சம் தான், அந்த கொஞ்சத்துலயும் அம்மாகிட்ட இருந்து வாங்கிக்க முடியுதுன்னா இந்த ஒரு செயின் மாற்றம் பெரிய காரணம். பிறந்து ஆறு மாசத்துக்குள்ள காமா பெரும்பாலும் போய் பீட்டா வந்துரும்.

இங்க தான் ஜெனடிக்ஸ் உள்ள வருது. 11வது குரோமோசோம்ல இருக்கற பீட்டா ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினா அந்த செயினோட ஆறாவது இடத்துல குளுட்டாமிக் அமிலங்கற அமினோ அமிலத்துக்கு பதிலா வேலின்னு இன்னொண்ணு வந்துரும், இதை 1950கள்ல கண்டுபிடிச்சவர் வெர்னான் இன்கிராம். வேலினுக்கு தண்ணி பிடிக்காது, ஒளிஞ்சுக்க இடம் தேடும், பக்கத்து ஹீமோகுளோபின்ல அதுக்குன்னு அளவெடுத்த மாதிரி ஒரு குழி இருக்கு, ஆனா அந்த குழி ஆக்சிஜன் இறங்கின நிலைல மட்டும் தான் திறந்திருக்கும். அதனால நுரையீரல்ல ஒண்ணும் ஆகாது, ஆக்சிஜனை இறக்கி வச்ச இடத்துல தான் ஒண்ணோட ஒண்ணு கோத்து நீள நீளமா கம்பி மாதிரி ஆகி, செல்லை அரிவாள் மாதிரி வளைச்சு, சின்ன ரத்தக்குழாயை அடைக்கும். மத்த எல்லாருக்கும் நல்லது செய்யற ரைட் ஷிஃப்ட் இவங்களுக்கு மட்டும் கெடுதல் ஏன்னு கேட்டா இப்ப உங்களுக்கே பதில் தெரியும். சிக்கிள் செல் இருக்கற பச்சைக்குழந்தைக்கு முதல் சில மாசம் ஏன் ஒண்ணும் தெரியறதில்லைங்கறதுக்கும் இதே பதில் தான், காமா செயின் அந்த கம்பில சேராது. 1948லயே ஜேனட் வாட்சன்னு ஒரு டாக்டர் இந்த காரணத்தை சரியா ஊகிச்சிருந்தாங்க.

அடுத்து வைவால அடிக்கடி மாட்டுற கேள்வி, சிக்கிள் செல் ரிசெசிவா (ஜீனோட ரெண்டு காப்பியும் மாறியிருந்தா தான் தெரியுமா), கோடாமினன்டா (ரெண்டு வித ஜீனும் சேர்ந்தே தெரியுமா)? எந்த அளவுல பாக்கறீங்கங்கறதை பொறுத்தது. ஒரு நல்ல ஜீன், ஒரு சிக்கிள் ஜீன் இருக்கறவரை எடுத்துக்கோங்க. எலக்ட்ரோஃபோரசிஸ், அதாவது மின்சாரத்தை வச்சு ஹீமோகுளோபின் வகைகளை பிரிக்கற டெஸ்ட், பண்ணா ரெண்டு பட்டையும் தெரியும், அங்க கோடாமினன்ட். நோய் வருதான்னா பொதுவா வராது, அங்க ரிசெசிவ். மலேரியா முத்தாம காக்குதான்னா காக்குது, அதுக்கு ஒரு காப்பியே போதும், அங்க டாமினன்ட். ஜீன் அதே தான், கேள்வி தான் மாறுது. டாமினன்ட்ங்கறது ஜீன் மேல குத்தின முத்திரைன்னு நினைக்கிற வரைக்கும் இந்த குழப்பம் போகாது. மலேரியா இருந்த இடங்கள்ல இந்த ஜீன் நிலைச்சதுக்கும் அது தான் காரணம், இந்தியாவுல இது முதல்ல பதிவானது நம்ம நீலகிரி மலைவாழ் மக்கள்கிட்ட, 1952ல.

இன்னொரு கணக்கு, இதுல நிறைய பேர் விழுவாங்க. அப்பா அம்மா ரெண்டு பேருமே கேரியர், அதாவது ஒரு நல்ல ஜீன், ஒரு சிக்கிள் ஜீன் இருக்கறவங்க. மூத்த பையனுக்கு நோய் இருக்கு, தங்கச்சிக்கு நோய் இல்ல, அவ கேரியரா இருக்க வாய்ப்பு எவ்வளவு? நாலுல ரெண்டு, பாதின்னு சொல்லிருவாங்க. தப்பு. நாலு சாத்தியத்துல ஒண்ணு நோய், அவளுக்கு அது இல்லைன்னு நமக்கு ஏற்கனவே தெரியும், அதை அடிச்சிருங்க. மிச்சம் மூணு, அதுல ரெண்டு கேரியர், ஆக மூணுல ரெண்டு. அதே மாதிரி "ஒண்ணுக்கு வந்துருச்சு, இனி மூணு பிள்ளைக்கு பயமில்ல"ன்னு பெத்தவங்க நம்புறதும் உண்டு, ஒவ்வொரு கர்ப்பமும் புது சீட்டு, ஒவ்வொரு தடவையும் நாலுல ஒண்ணு தான். கவுன்சலிங்ல இதை பொறுமையா சொல்லாம விட்டா ஒரு குடும்பமே தப்பான தெம்புல இருந்துரும், அதனால இந்த சின்ன கணக்கை நான் விடவே மாட்டேன்.

கடைசியா, காமா செயின் கம்பில சேராதுன்னா பெரியவங்களுக்கும் அதை திரும்ப கொண்டுவந்தா என்னன்னு தான் ஆராய்ச்சியே போச்சு. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஓரளவு அதை செய்யுது. 2023ல பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் அனுமதி கிடைச்ச, ஜீனை வெட்டித் திருத்தற கிறிஸ்பர் சிகிச்சை ஒரு படி மேல. காமா ஜீனை அடக்கி வைக்கிற பிசிஎல் 11ஏ-ங்கற ஜீனோட ஸ்விட்சை, ரத்த அணுக்களை உண்டாக்கற நோயாளியோட எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லை வெளிய எடுத்து வெட்டிட்டு திரும்ப ஏத்தறாங்க, குழந்தை ஹீமோகுளோபின் மறுபடி சுரக்க ஆரம்பிக்குது. சிக்கிள் ஜீனை தொடவே இல்ல கவனிங்க. இதை சொன்னதும் போன வாரம் ஒரு பொண்ணு கேட்டா, அப்ப குணமானவருக்கு பிறக்கற குழந்தைக்குன்னு. வெட்டினது மஜ்ஜைல மட்டும் தான், விந்தணுவுலயோ கருமுட்டைலயோ இல்ல, அதனால துணைக்கு ரெண்டுமே நல்ல ஜீனா இருந்தா குழந்தைங்க அத்தனை பேருமே கேரியர்.