மீள்திறன்: ஒரு சொல்லும் ஒரு புயலும்

‘ரெசிலியன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக இன்று தமிழில் பெரிதும் எழுதப்படுவது ‘மீள்திறன்’. நாளை என்ன ஆகுமோ என்ற காலத்தில் நிலைகுலையாமல் இருப்பதையும், அடிபட்ட பிறகு மறுபடி வாழத் தொடங்குவதையும் குறிக்க இது கையாளப்படுகிறது. நல்ல சொல்தான், ஆனால் எந்த நிலைக்கு மீள்வது என்பதைத் தெளிவாக்காமல் எடுத்தாண்டால், குறிப்பாக எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில், அது தவறான பொருளைத் தந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் ‘ரெசிலிரே’ என்னும் இலத்தீன் வினை. ‘பின்னோக்கித் துள்ளுதல்’ என்பது அதன் பொருள். வளைத்த மரமும் உலோகமும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மையைக் குறிக்கப் பொறியியலார் அதை எடுத்துக்கொண்டார்கள். 1973இல் கனடாவின் சூழலியல் அறிஞர் ஹோலிங் அச்சொல்லுக்கு வேறொரு பொருளைச் சேர்த்தார்: அதிர்ச்சியை உள்வாங்கி, உருமாறினாலும், தன் உயிரோட்டத்தை இழக்காமல் தொடர்தல். இவ்விரு பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை எங்கள் கரையில் ஒரே புயல் காட்டியிருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பகுதி கடலில் விழுந்தது; ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் அது செப்பனிடப்பட்டது. பாலம் பழைய நிலைக்கே திரும்பியது. அது முதல் பொருள். அதே புயலில் அழிந்த தனுஷ்கோடியோ திரும்பவில்லை. ரயில் நிலையமும் தேவாலயமும் இடிபாடாகவே நிற்க, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டுத் தொழிலைத் தொடர்ந்தன. கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைக் கையால் தோண்டி ஊறும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். உப்புநீரின் மேல் மழைநீர் மெல்லிய படலமாகத் தங்கியிருப்பதால், ஆழமாகத் தோண்டினால் உவர்த்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய தனுஷ்கோடி மீளவில்லை, அங்கே வாழ்வு மீண்டது. இதுவே இரண்டாம் பொருள்.

தமிழில் ‘மீள்’ என்ற வினையடி திரும்புதலையும் விடுபடுதலையும் ஒருசேரச் சுட்டுவது. நாம் நாளெல்லாம் சொல்லும் ‘மீண்டும்’ அதன் எச்சத்தோடு ‘உம்’ சேர்ந்து பிறந்ததே. அதன் பிறவினை ‘மீட்டல்’. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் அடகுக்குப் போன நகையை, பிறகு மீன்பாடு கிடைத்ததும் ‘மீட்டுட்டோம்’ என்று பெண்கள் சொல்லும்போது அச்சொல்லின் முழுப் பொருளும் துலங்குகிறது. இயற்பியலில் பொருள்களுக்கு ‘மீட்சி’ என்று எழுதும் வழக்கம் இருப்பதால், மனிதருக்கும் ஊருக்கும் ‘மீள்திறன்’ என்று பிரித்து ஆளுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

‘தாங்குதிறன்’ இதற்கு ஈடாகாது. சுமையைத் தாங்கும் அளவை மட்டுமே அது சொல்கிறது. ‘மன உறுதி’யும் போதாது, உறுதியில் அசையாமை மிகுந்திருக்கிறது. ‘இடுக்கண் அழியாமை’ என்ற திருக்குறள் அதிகாரத் தலைப்பில் ‘அழிதல்’ என்பது மனம் கலங்குவதைக் குறிப்பதால், நிலைகுலையாமையின் அகப்பக்கத்துக்கு அது மிக நெருங்கிய பழைய வழக்கு. அந்த நிலைகொள்ளலை நங்கூரத்தில் கண்ணால் காணலாம். படகை நிறுத்தும்போது கடலின் ஆழத்தைப் போலப் பல மடங்கு கயிறு விடுவார்கள்; காற்று உரத்தால் இன்னும் இளக்குவார்கள். கயிறு குட்டையாக இருந்தால் அலை படகைத் தூக்கும்போது நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுத் தரையை விட்டுக் கிளம்பிவிடும். நீளமாக இருந்தால் இழுப்பு பக்கவாட்டில் விழுந்து அதன் கொக்கி மண்ணில் இன்னும் ஆழமாக இறங்கும். படகு ஆடுவது நங்கூரம் பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளமன்று.

கலைச்சொல்லுக்கு வெளியே, கரையில் வழங்கும் இரண்டு சொற்களை எழுதுவோர் கவனிக்க வேண்டும்: ‘கரையேறுதல்’, ‘தலையெடுத்தல்’. ‘அந்தக் குடும்பம் இப்பத்தான் தலையெடுத்திருக்கு’ என்னும்போது எழுவாயாக வருவது தனி ஆளன்று, குடும்பம். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த உளவியல் ஆய்வும், கடும் சூழலில் வளர்ந்தும் நன்றாகத் தேறியவர்களுக்கு அக்கறையோடு உடன் நின்ற பெரியவர் ஒருவராவது இருந்ததைக் கண்டது. ‘மீள்திறன்’ என்று எழுதும்போது அதைத் தனி மனிதரின் குணமாக மட்டும் சுருக்காமல், ‘குடும்பத்தின் மீள்திறன்’, ‘ஊரின் மீள்திறன்’ என்று உடையவரைச் சேர்த்தே எழுதலாம்.