பதில் போகாத கடிதம்

எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் துணைக்குழு ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தேன். தொடர்கல்வி நேரத்தைக் கூட்டலாமா என்று உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டிருந்தோம். தனியாகத் தொழில் நடத்தும் ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பயிற்சிக்குப் போகும் நாளில் தனக்கு வருமானமும் இல்லை, வேலையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை என்று. அந்தக் கடிதத்தை வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். விதியில் ஒரு வரியைத் திருத்தவும் செய்தோம். ஆனால் அவருக்குப் பதில் போடவில்லை. அடுத்த ஆண்டு அவர் சந்தா கட்டவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "நான் எழுதினதை யாராவது படிச்சாங்களான்னே தெரியலைங்க" என்றார்.

அந்தப் பேச்சு என்னை வெகுநாள் உறுத்தியது. நாங்கள் காது கொடுத்தோம் என்பது எங்கள் அறைக்குள் இருந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும்.

தரநிலைகளை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. வரைவின் மீது வரும் கருத்துகள் எல்லாம் ஓர் அட்டவணையில் ஏறும். எந்தப் பிரிவு, என்ன குறை, எப்படி மாற்ற வேண்டும் என்பதைக் கருத்துச் சொல்பவர் நிரப்புவார். அட்டவணையின் கடைசிக் கட்டம், வரைவைத் தயாரிக்கும் குழுவின் செயலகம் நிரப்புவதற்கு. ஏற்றோமா இல்லையா, அதற்கு என்ன முடிவு என்று அதில் எழுத வேண்டும். எல்லாச் சங்கங்களும் இதை எடுத்துக்கொள்ளலாம் என்பேன். முக்கியமாக, ஏற்காத கருத்துக்கு எதிரே காரணம் எழுதுவதை. நாங்களும் அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் சில மறுப்புகளுக்கு எங்களிடம் காரணமே இல்லை என்பது தெரிந்தது. இரண்டை மறுபடி விவாதித்து ஏற்றுக்கொண்டோம்.

அவகாசமும் வேண்டும். கணக்கியல் தரநிலைகளை வெளியிடும் சர்வதேச வாரியம் ஒரு வரைவுக்கு வழக்கமாக 120 நாள் தருகிறது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு சுற்றறிக்கை அனுப்பினால், முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்றுதான் உறுப்பினர் எடுத்துக்கொள்வார்.

2016இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இளநிலை மருத்துவர்களுக்காக அரசுத் தரப்புடன் ஒரு பணி ஒப்பந்தம் பேசி முடித்தது. ஏற்கலாம் என்று சங்கத்தின் இளநிலை மருத்துவர் குழுத் தலைவரே பரிந்துரைத்தும், வாக்களித்தவர்களில் 58 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அவர் பதவி விலகினார். உறுப்பினர் மனம் தெரியும் என்று நம்பும் எந்தச் செயற்குழுவும் அதை நினைவில் வைக்க வேண்டும். எங்களுக்கும் எப்போதும் எழுதுவது அதே முப்பது பேர்தான். இரவுப் பணியில் இருப்பவரும் புதிதாகச் சேர்ந்தவரும் எழுதுவதில்லை. அவர்களை நாங்களே அழைத்துப் பேசத் தொடங்கினோம். கேட்டவற்றில் பாதி, எங்கள் கேள்வித்தாளில் இல்லாத விஷயம்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுதும்போது பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, மாற்று வாசகத்தையும் தாருங்கள். பொதுக்குழுவில் எழுந்து, போன முறை வந்த கருத்துகள் என்ன ஆயின என்று கேளுங்கள்.

அந்த உறுப்பினருக்கு ஒன்றரை ஆண்டு தாமதமாகப் பதில் எழுதினேன். அவரால் மாறிய வரியையும் சேர்த்து அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் போட்டார். சந்தா இன்னும் கட்டவில்லை.