பலகைக்கு அடியில் நடக்கும் ரயில்வே

வீட்டில் மாதிரி ரயில் லேஅவுட், அதாவது பலகைமேல் ஒரு குட்டி ரயில் உலகம், கட்டுகிறவர்கள், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று அவ்வப்போது படம் பிடித்துப் பகிர்ந்துகொள்வார்கள். மலை, பாலம், குட்டி ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பயணிகள் என்று எல்லாமே கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முதலில் கேட்பது, “அடிப்பக்கம் எப்படி இருக்கிறது?” என்பதைத்தான். பிளைவுட் பலகையின் கீழே குனிந்து பார்த்தால், தடித்த இரண்டு வயர்கள் லேஅவுட் நெடுகப் போவது தெரியும். அவற்றிலிருந்து மெல்லிய வயர்கள் கிளை பிரிந்து, பலகைத் துளை வழியாக மேலேறி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டின் பக்கவாட்டிலும் சால்டர் வைக்கப்பட்டிருக்கும். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுமா, திக்கித் திணறுமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

நிஜத் தண்டவாளம் முதலில் எடையைத் தாங்க வேண்டும். மாதிரித் தண்டவாளத்துக்கு அந்தக் கவலை பெரிதாகக் கிடையாது. அது முக்கியமாக இரண்டு மின்கம்பிகள். எஞ்சினுக்கு வேண்டிய கரண்ட்டும் அதில்தான் வருகிறது, ‘மெல்லப் போ’, ‘விளக்கைப் போடு’, ‘ஹாரன் அடி’ என்ற கட்டளைகளும் அதில்தான் வருகின்றன. இந்தப் பொழுதுபோக்கின் சுகம், தலைவலி இரண்டுக்கும் மூலம் இதுதான்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்ஓ அளவு. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இங்கே 1 மீட்டர். ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர் வரும். எச்ஓ தண்டவாளத்தின் அகலம் அதுவே. நம்முடைய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். கணக்குப்படி அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆனாலும் இந்திய எஞ்சின்களின் எச்ஓ மாதிரிகளைப் பெரும்பாலோர் அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடவிடுகிறார்கள். கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். கண்டும் காணாமல் விட வேண்டியதுதான். நீளம்தான் நிஜமான தொல்லை. 24 பெட்டி கொண்ட ஒரு எக்ஸ்பிரஸை அப்படியே சுருக்கினால் பெட்டிகள் மட்டும் 6 மீட்டரைத் தாண்டும். எந்த வீட்டு அறை அதற்கு இடம் கொடுக்கும்? ஆறேழு பெட்டியோடு எக்ஸ்பிரஸ் என்று பேர் பண்ணிக்கொள்கிறார்கள்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருவோம். பழைய முறை ரொம்ப எளிது. ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் குமிழைத் திருகினால் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை டிசி மின்சாரம் போகும். வோல்டேஜ் ஏற ஏற மோட்டார் வேகமாகச் சுற்றும். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டால் வண்டி பின்னால் போகும். ஒரே ஒரு வண்டி என்றால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதே தண்டவாளத்தில் இரண்டாவது எஞ்சினை வைத்தவுடன்தான் வினை ஆரம்பம். குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிற்கும்.

அதற்குக் கண்ட வழி, பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஸ்விட்ச் வைப்பது. வண்டி அடுத்த துண்டுக்குள் நுழையுமுன் அதன் ஸ்விட்சை அந்த வண்டியை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் தள்ளியாக வேண்டும். லேஅவுட் பெரிதானால் ரயில் ஓட்டுவதை விட ஸ்விட்ச் தள்ளுவதே முழுநேர வேலையாகிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்து மாணவர்கள், தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் தானே மாறும் ஸ்விட்சுகளை, வைத்து இந்த வேலையைத் தானாக நடக்கச் செய்தார்கள். பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்த ரிலேக் காட்டைக் கட்டிய கும்பலில் சிலர்தான் பின்னால் எம்ஐடியின் கணினி அறைக்குள் நுழைந்து முதல் தலைமுறை ஹேக்கர்கள் ஆனார்கள்.

இன்றைய முறைக்குப் பெயர் டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனியின் எஞ்சினை இன்னொரு கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டியால் ஓட்டலாம்.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜும் இருக்கும். எச்ஓ அளவில் சுமார் 15 வோல்ட். வண்டி நின்றாலும் அது குறையாது. ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் செகண்டுக்குப் பல ஆயிரம் தடவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் தாளம்தான் செய்தி. ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோ செகண்டு இருந்துவிட்டு மாறினால் அது 1. 100 மைக்ரோ செகண்டோ அதற்கு மேலோ இருந்து மாறினால் அது 0. ஆக, மின்சாரமும் மொழியும் இங்கே ஒன்றே. தனியாக ஒரு சிக்னல் வயர் தேவையில்லை.

ஒரு கட்டளையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 3-ஆம் எண் எஞ்சினை மெதுவாக முன்னால் செலுத்த வேண்டும். பெட்டி முதலில் வரிசையாகப் பதினான்கு 1-களை அனுப்பும். ‘கவனி, செய்தி வருகிறது’ என்று அதற்குப் பொருள். பிறகு ஒரு 0. அடுத்து 00000011, அதாவது முகவரி 3. மறுபடி ஒரு 0. அப்புறம் 01110100: முன்பக்கம், 28 படிகளில் ஆறாவது வேகம். இன்னொரு 0. கடைசியில் 01110111. இந்தக் கடைசி எண் முதல் இரண்டு எண்களையும் இடத்துக்கு இடம் ஒப்பிட்டு, ஒரே மாதிரி இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று போட்டு வந்தது. எஞ்சினுக்குள் இருக்கும் சில்லும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் செய்தி வழியில் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடும். முடிவில் ஒரு 1. 1, 0 ஒவ்வொன்றும் ஒரு பிட். மொத்தம் 42 பிட், சுமார் 6 மில்லி செகண்டில் தீர்ந்துவிடுகிறது.

லேஅவுட்டில் உள்ள எல்லா எஞ்சினும் இந்தச் செய்தியைக் கேட்கின்றன. ஜங்ஷனில் அறிவிப்பு வரும்போது எல்லோர் காதிலும் விழுந்தாலும் அந்த வண்டிக்குரியவர்கள் மட்டும் பெட்டியைத் தூக்குவது போல, முகவரி 3 உடையது மட்டும் கீழ்ப்படியும். மற்றவை தங்களுக்குக் கடைசியாக வந்த கட்டளைப்படி ஓடிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு எஞ்சினுக்கும் கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒன்று தவறினாலும் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்துவிடும்.

எஞ்சினுக்குள் அந்தச் செய்தியைப் படிக்கும் சிறு பலகைக்கு டீகோடர் என்று பெயர். தண்டவாளத்தில் முன்னும் பின்னும் மாறும் மின்சாரத்தை அது முதலில் ஒரே திசைக்குத் திருப்பிக்கொள்கிறது. பிறகு கட்டளைக்கேற்ப மோட்டாரை மிக வேகமாகப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து வேகத்தை அமைக்கிறது. நல்ல டீகோடர் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்யும். நடுநடுவே ஒரு கணம் கரண்ட்டை நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளந்து பார்க்கும். அப்போது மோட்டார் ஒரு குட்டி ஜெனரேட்டர். வோல்டேஜ் குறைவாக இருந்தால் வண்டி ஏற்றத்தில் இழுக்கிறது என்று பொருள். உடனே கொஞ்சம் கூடுதல் சக்தி கொடுக்கும். நத்தை வேகத்தில் சீராக ஊர்ந்து ஷண்டிங் செய்யும் (பெட்டிகளை இடம் மாற்றிச் சேர்க்கும்) எஞ்சினைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருந்தால், அதற்குக் காரணம் இந்த அளவீடுதான்.

டீகோடருக்குள் எண்ணிட்டுப் பதிந்திருக்கும் அமைப்புகளை (செட்டிங்ஸ்) கட்டுப்பாட்டுப் பெட்டி படிக்கும்போது நடக்கும் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். டீகோடருக்கு வாய் கிடையாது. ‘உன் முகவரி 3-ஆ?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ சொல்ல அதற்கு ஒரே வழி, 6 மில்லி செகண்டுக்கு 60 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் மோட்டார் வழியே கரண்ட் இழுப்பது. அதைப் பெட்டி உணர்ந்துகொள்ளும். அந்த இழுப்பில் எஞ்சின் ஒரு துளி நகரும். புதிதாக வந்தவர்கள் ஏதோ பழுது என்று பதறுவார்கள். அது பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

இனி தலைவலிப் பக்கம். கரண்ட்டும் செய்தியும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும், அது குண்டூசி முனை அளவு. அதில் தூசு, எண்ணெய்ப் பிசுக்கு, ஆக்சைடு எது படிந்தாலும் தொடர்பு அறும். அறும்போது குட்டிப் பொறி பறக்கும், பொறி பறந்த இடத்தில் கரி படியும், கரி படிந்தால் இன்னும் பொறி. வண்டி ஓட ஓட அழுக்கு சேர்வது இதனால்தான். பித்தளைத் தண்டவாளத்தின் ஆக்சைடு கரண்ட்டைச் சரியாக விடாது. அதனால் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்துக்குப் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைப்பது பரவலான பழக்கம். உப்புத்தாள் மட்டும் கூடவே கூடாது. கீறல் விழுந்தால் அழுக்குக்கு நிரந்தர வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. எஞ்சினுக்குள் ஒரு கெப்பாசிட்டர் வைத்துவிட்டால், கரண்ட் கணநேரம் அறுந்தாலும் அதில் சேர்ந்திருப்பதை வைத்து வண்டி அழுக்கைத் தாண்டிவிடும்.

அடிப்பக்கத்துத் தடித்த வயர்களின் அருமை ஷார்ட் சர்க்யூட் ஆகும்போதுதான் தெரியும். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து, மின்தடை கூடும். வெறும் இணைப்புகளை நம்பிக் கட்டிய லேஅவுட்டில், கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து தூரத்து மூலைவரை மின்தடை 4 ஓம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு ரயில் பெட்டி தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கிறது. 15 வோல்ட்டை 4-ஆல் வகுத்தால் 3.75 ஆம்பியர். 5 ஆம்பியரில் துண்டிக்கும்படி அமைத்த பாதுகாப்புக்கு இது சாதாரண ஓட்டம், பேசாமல் இருக்கும். இதற்குள் 56 வாட் வெப்பம் அந்த இணைப்புகளிலும் சக்கரங்களிலும் இறங்கிக்கொண்டிருக்கும். சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக்கில் வைத்தது போலத்தான். லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு காசைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்து, பாதுகாப்பு உடனே கரண்ட்டைத் துண்டிக்கிறதா என்று பார்ப்பது இதற்காக. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களை நான் நம்புவதில்லை.

வண்டி வட்டமடித்து வந்த வழியே திரும்பும் வளையமும் ஒரு பழைய வில்லங்கம். விரலால் கோடு பிடித்துப் பாருங்கள்: இடது தண்டவாளம் வளைந்து வந்து வலது தண்டவாளத்தோடேயே சேரும். ஷார்ட். டிசி காலத்தில் வண்டியை வளையத்துக்குள் நிறுத்தி, ஸ்விட்சை மாற்றிவிட்டுத்தான் வெளியே எடுக்க முடியும். டிசிசியில் வளையத்தின் இரு முனையையும் இன்சுலேட் செய்து நடுவில் ஒரு சிறு கருவியை வைக்கிறார்கள். சக்கரம் எல்லையைத் தொட்டு ஷார்ட் ஆன சில மில்லி செகண்டுக்குள் அது வளையத்தின் பிளஸ் மைனஸைத் திருப்பிவிடும். வண்டி நிற்காது, திசையும் மாறாது. டீகோடருக்குத் திசை என்பது கட்டளையில் வரும் ஒரு பிட். எந்தத் தண்டவாளம் பிளஸ் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஜெர்மனியின் மேர்க்லின் நிறுவனத்துக்கு இந்தத் தொல்லை அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அவர்களின் எச்ஓ பாதையில் நடுவே வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். அவை ஒரு துருவம், இரண்டு தண்டவாளமும் சேர்ந்து இன்னொன்று. இடமும் வலமும் ஒன்றாகிவிட்டால் ஷார்ட் எங்கிருந்து வரும்?

மின்சாரத்தால் தீர்க்கவே முடியாத ஒன்று எடை. நீளம் 87-இல் ஒரு பங்காகும்போது எடை 87-இன் மும்மடியில், அதாவது ஆறரை லட்சத்துச் சொச்சத்தில் ஒரு பங்காகும். 112 டன்னுக்குச் சற்று மேலுள்ள நம்மூர் டபிள்யூஏபி-4 மின்சார எஞ்சின் கணக்குப்படி 170 கிராம்தான் இருக்க வேண்டும். அந்த எடைக்குச் சக்கரம் பிடிக்காமல் வழுக்கும் என்பதால் உள்ளே உலோகக் கட்டி வைத்து எடையைக் கூட்டுகிறார்கள். அப்படியும் கரண்ட்டை நிறுத்தியதும் வண்டி சட்டென்று நின்றுவிடும். நிஜ ரயில் நிற்கும் அழகை டீகோடர் கணக்குப் போட்டு நடிக்கிறது. டீகோடரின் 3-ஆம் அமைப்பில் எண்ணைக் கூட்டினால் வேகம் மெல்ல ஏறும், 4-ஆம் அமைப்பில் கூட்டினால் மெல்லக் குறையும்.

கட்டளை இப்படி ஒரு வழிப்பாதையாகப் போகும்போது, வண்டி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நிஜ ரயில்வேயில் இதற்கு 1872-இலேயே வில்லியம் ராபின்சன் வழி கண்டார்: அச்சு இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்ய, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். மாதிரி ரயிலில் அச்சு ஷார்ட் செய்தால் எல்லாம் நின்றுபோகும் என்பதால் சக்கரங்களுக்கு நடுவே இன்சுலேஷன் உண்டு. இங்கே பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். மோட்டார் இல்லாத பெட்டியும் தெரிய வேண்டும் என்றால் அதன் அச்சில் சுமார் 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒட்டினால் போதும்.

இத்தனைக்கும் பதிலாக, தண்டவாளத்தின் மின்வேலையையே ஒழித்துக்கட்டியவர்களும் இருக்கிறார்கள். எஞ்சினுக்குள் பேட்டரி, கட்டளைக்கு ரேடியோ. அழுக்குத் துடைக்க வேண்டாம், வளையத்தில் ஷார்ட் இல்லை, பலகைக்கு அடியில் பாதை பிரியும் இடத்தில் தண்டவாளத்தை நகர்த்தும் பாயிண்ட் மோட்டாரின் வயரைத் தவிர வேறெதுவும் இல்லை. தோட்டத்தில் ஓடும் பெரிய அளவு ரயில்களுக்கு இது கச்சிதம். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் தண்டவாளத்தைத் துடைத்து மாளாது. எச்ஓ எஞ்சினில் மோட்டார், டீகோடர், ஸ்பீக்கர் போக பேட்டரிக்கு இடம் தேடுவதுதான் கஷ்டம். பலர் அதை எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சரக்குப் பெட்டிக்குள் வைத்து, மெல்லிய வயரால் இணைத்து ஓட்டுகிறார்கள்.